பழைய கார் உயிர்பெற மறுக்கும்போது: எரியூட்டு அமைப்பில் பழுது காணும் முறை

தோட்டப்புறங்களில் பழைய மோட்டார் கார்களின் காலம் முற்றாக முடிந்துவிடவில்லை. 1970களில் நம் நாட்டுச் சாலைகளில் பெருவாரியாக ஓடிய டாட்சன் 120ஒய், டொயோட்டா கொரோலா, வோக்ஸ்வேகன் பீட்டில் போன்ற வண்டிகளை இன்றும் சில வீடுகளின் முன்னால் காண்கிறோம். தந்தையார் பணி ஓய்வு பெற்றபோது ஊழியர் சேமநிதிப் பணத்தில் வாங்கிய காரை மகன் விற்க மனமின்றிப் போற்றி வருவதும் உண்டு. பெருஞ்சாலைக்குச் செல்லப் பல கிலோமீட்டர் செம்மண் பாதையைக் கடக்க வேண்டிய இடங்களில் இத்தகைய கார் அலங்காரப் பொருளன்று. பிள்ளையின் பள்ளித் தேர்வும், முதியவரின் மருத்துவமனைத் தவணையும், ஒருவரின் ஒரு நாள் சம்பளமும் அதனை நம்பியே இருக்கின்றன.

அத்தகைய கார் மழை பெய்து ஓய்ந்த விடியற்காலையில் கிளம்ப மறுத்தால் என்ன நடக்கிறது? சாவியைத் திரும்பத் திரும்பத் திருகுகிறார்கள். பேட்டரி களைத்துப் போகிறது. அக்கம்பக்கத்து இளைஞர்கள் கூடித் தள்ளுகிறார்கள். பின்னர் ஒருவர் பிளக்கை மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் காயிலை மாற்றச் சொல்கிறார். மற்றொருவர் புதிய பேட்டரியே தீர்வு என்கிறார். நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் இம்மூன்றையும் ஒரே மாதத்தில் மாற்றினார்கள். இறுதியில் பழுது இருந்ததோ, டிஸ்டிரிபியூட்டருக்குள்ளே விரல் நீளங்கூட இல்லாத ஒரு மெல்லிய கம்பியில். மேலுறை நன்றாக இருக்க, உள்ளே இழைகள் அறுந்திருந்தன. அக்கம்பியின் விலை, மாற்றிய பொருள்களின் விலையோடு ஒப்பிடத்தக்கதே அன்று. பொருளை மாற்றிப் பார்ப்பது வேறு, பழுதைத் தேடுவது வேறு என்பதை இச்சம்பவம் நன்கு உணர்த்துகிறது.

தேடும் முறையை அறிவதற்கு முன், இயந்திரத்தில் தீப்பொறி எவ்வாறு பிறக்கிறது என்பதை ஓரளவு தெரிந்துகொள்வது நலம். பேட்டரி தருவது 12 வோல்ட்டு மின்னழுத்தம் மட்டுமே. பிளக்கின் முனைகளுக்கிடையே உள்ள சிறு வெளியைத் தாண்டிப் பொறி பறக்க வேண்டுமானால் பல்லாயிரம் வோல்ட்டு தேவை. இந்த மாற்றத்தைச் செய்வது காயில். அதனுள் தடித்த கம்பியில் சில நூறு சுற்றுகளும், மெல்லிய கம்பியில் பல்லாயிரம் சுற்றுகளும் ஒரே இரும்புத் தண்டின்மேல் சுற்றப்பட்டிருக்கின்றன. தடித்த சுற்றில் மின்சாரம் ஓடும்போது காந்தப்புலம் உண்டாகிறது. அந்த மின்சாரத்தைத் திடீரென்று துண்டித்தால் காந்தப்புலம் சரிந்து, மெல்லிய சுற்றில் உயர் அழுத்த மின்சாரம் எழுகிறது. மைக்கேல் ஃபாரடே 1831-ஆம் ஆண்டில் கண்ட மின்தூண்டல் விதியே இங்கும் வேலை செய்கிறது. அதனைக் காருக்கேற்ற எளிய அமைப்பாக வடித்தவர் அமெரிக்கப் பொறியாளரான சார்ல்ஸ் கெட்டரிங். 1910-ஐ ஒட்டி அவர் உருவாக்கிய ஏற்பாடு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் பெரிய மாறுதல் ஏதுமின்றி உலகெங்கும் வழங்கியது.

மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவிதான் டிஸ்டிரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டு. சுழலும் தண்டின் மேடுகள் அதனைத் தள்ளித் திறக்கின்றன. வில் அதனை மூடுகிறது. அருகில் இருக்கும் கண்டென்சர், பாயிண்டு திறக்கும் கணத்தில் அங்கேயே பொறி பறந்து ஆற்றல் வீணாகாமல் தடுக்கிறது. மின்சாரம் சட்டென்று அறுபடுவதற்கு அதன் துணை இன்றியமையாதது. காயிலில் எழுந்த உயர் அழுத்தம் தடித்த கம்பி வழியாக மூடியின் நடுப்பகுதிக்கு வந்து, ரோட்டார் வழியாக ஒவ்வொரு பிளக்கிற்கும் முறைவைத்துப் போய்ச் சேருகிறது. நான்கு சிலிண்டர் கொண்ட இயந்திரம் நிமிடத்திற்கு 3000 சுற்று சுற்றும்போது நொடிக்கு 100 பொறிகள் பிறக்கின்றன. இவ்வளவு வேலை செய்யும் பாயிண்டு தேய்வதில் வியப்பில்லை; இத்தனை காலம் தாங்குவதே வியப்பு.

இனிப் பழுதுக்கு வருவோம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சாவியைத் திருகும்போது இயந்திரம் சுழல்கிறதா என்பதே. சுழலவே இல்லை, அல்லது "டக்" என்ற ஒலி மட்டும் கேட்கிறது என்றால், எரியூட்டு அமைப்பைக் குறை சொல்வதில் பயனில்லை. பேட்டரியின் முனைகளில் பூத்திருக்கும் வெண்மையான, பச்சையான படிவைச் சுரண்டித் துடைத்து முடுக்குங்கள். இயந்திரத்தையும் வண்டியின் உடலையும் இணைக்கும் தடித்த பட்டைக் கம்பி தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பேட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வெளிப்படுவதால், அதன் அருகே சுருட்டோ தீக்குச்சியோ ஆகாது.

இயந்திரம் தளர்ந்து தளர்ந்து சுழன்றால், அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பேட்டரி தன் வலிமை முழுவதையும் ஸ்டார்ட்டருக்குக் கொடுத்துவிடுவதால் காயிலுக்கு மிஞ்சுவது குறைகிறது, பொறியும் நலிவடைகிறது. எரியூட்டுக் கோளாறு என்று பலர் எண்ணுவது பல வேளைகளில் பேட்டரியின் சோர்வே.

நன்றாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லை என்றால், பெட்ரோல், பொறி ஆகிய இரண்டில் ஒன்று இல்லை என்று முதலில் கொள்ளலாம். சில முறை திருகிய பின் பெட்ரோல் நெடி வீசினால் பெட்ரோல் வருகிறது. அநேகமாகப் பொறிதான் இல்லை. நெடியே இல்லையென்றால் பெட்ரோல் பம்பையும் கார்புரேட்டரையும் பார்க்க வேண்டும். அது வேறொரு கட்டுரைக்குரியது. ஆனால் ஒன்றை மட்டும் இங்கே அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். புட்டியில் பெட்ரோலை எடுத்துக் கார்புரேட்டர் வாயில் ஊற்றிக்கொண்டே மற்றொருவரைச் சாவி திருகச் சொல்லும் வழக்கம் மிகவும் ஆபத்தானது. இயந்திரம் பின்னோக்கி வெடித்துக் கக்கும் தீச்சுவாலை, கையிலுள்ள புட்டியைப் பற்றிக்கொள்ள ஒரு நொடி போதும்.

போனட்டைத் திறந்ததும் சாவியை எடுத்து வைத்துக்கொண்டு, கண்ணால் பார்க்கக்கூடியதைப் பார்த்துவிட வேண்டும். நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் முதல் எதிரி ஈரம். தோட்டத்து விடியற்காலைப் பனியும், ஆண்டிறுதிப் பருவமழையும், பாதைக் குழிகளில் தேங்கும் நீரும் டிஸ்டிரிபியூட்டர் மூடியின்மீதும் தடித்த கம்பிகளின்மீதும் மெல்லிய நீர்ப்படலமாகப் படிகின்றன. அதனோடு செம்மண் புழுதியும் சேர்ந்தால், உயர் அழுத்த மின்சாரத்திற்குக் குறுக்கு வழி அமைந்துவிடுகிறது. பிளக்கிற்குப் போக வேண்டிய மின்சாரம் மூடியின் மேற்பரப்பிலேயே ஓடி இரும்பில் இறங்கிவிடும். ஆகவே மூடியைக் கழற்றி, உள்ளும் புறமும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைப்பதே முதல் சிகிச்சை. மழைக்காலக் காலைகளில் பல கார்கள் இதனால் மட்டுமே உயிர்பெற்றுவிடுவதுண்டு.

துடைக்கும்போது மூடியின் உட்புறத்தைக் கூர்ந்து நோக்குங்கள். பென்சிலால் கிறுக்கியது போன்ற மெல்லிய கருங்கோடு ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஓடினால், அது அழுக்கன்று. மின்சாரம் எரித்து உண்டாக்கிய கரிப்பாதை. துடைத்தாலும் போகாது, மூடியை மாற்றத்தான் வேண்டும். மூடியின் நடுவே வில்லின்மேல் நிற்கும் சிறிய கரித்துண்டு உள்ளே அழுத்தினால் திரும்ப எழும்ப வேண்டும். அது உடைந்து விழுந்திருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. ரோட்டாரில் வெடிப்பு உண்டா என்றும் பாருங்கள். மூடி திறந்திருக்கும்போதே ஒருவரைச் சாவி திருகச் சொல்லி, ரோட்டார் சுழல்கிறதா எனக் காண்பதும் பயனுள்ளது. இயந்திரம் சுழன்றும் ரோட்டார் அசையாவிட்டால் உள்ளே இயக்கும் பாகம் அறுந்திருக்கிறது என்று பொருள். அப்போது வண்டியைப் பட்டறைக்கு இழுத்துச் செல்வதே முறை.

ஈரக் கசிவையும் கம்பிகளின் வெடிப்பையும் கண்டுபிடிக்க இருட்டு பெரிய துணை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஒருவர் சாவி திருக மற்றொருவர் எட்ட நின்று போனட்டின் கீழ் பார்த்தால், கசியும் இடத்தில் நீலப் பொறிகள் ஊர்வது தெளிவாகத் தெரியும்.

துடைத்தும் பலனில்லையெனில் பொறிச் சோதனை செய்ய வேண்டும். கியர் நடுநிலையில் இருக்கட்டும், கைப்பிரேக் இழுத்திருக்கட்டும். விசிறியின் அருகே சேலைத் தலைப்பு, துண்டு, கைலி நுனி எதுவும் தொங்கக் கூடாது. காயிலிலிருந்து மூடியின் நடுவுக்கு வரும் தடித்த கம்பியை மூடியிலிருந்து உருவி, அதன் உலோக முனை இயந்திரத்தின் சுத்தமான இரும்புப் பகுதிக்கு 6 மி.மீ. தூரத்தில் இருக்குமாறு, நன்றாக உறையிட்ட கைப்பிடியுடைய இடுக்கியால் பிடியுங்கள். வெறுங்கையால் பிடித்தல் கூடாது. கார்புரேட்டருக்கு அருகிலும் இதனைச் செய்யக் கூடாது. ஒருவர் சாவி திருகும்போது "சடக் சடக்" என்ற ஒலியுடன் தடித்த நீலப் பொறி பாய்ந்தால், காயில் வரை எல்லாம் நலம்; குறை அதற்கப்பால், மூடியிலோ ரோட்டாரிலோ கம்பிகளிலோ பிளக்குகளிலோ உள்ளது. பொறியே இல்லை, அல்லது மெலிந்து மஞ்சளாக இருக்கிறது என்றால் குறை இப்பக்கத்தில் உள்ளது.

இச்சோதனை பாயிண்டு உள்ள பழைய வண்டிகளுக்கு மட்டுமே. 1980களிலும் அதன் பின்னரும் வந்த பல கார்களில் பாயிண்டுக்குப் பதிலாக மின்னணுக் கருவி உள்ளது. அவற்றில் அழுத்தம் இன்னும் அதிகம். கம்பியை உருவிப் பிடித்தால் கருவி கெடலாம். பிடித்தவருக்கும் தீங்கு நேரலாம்.

பொறி இல்லாத வண்டிக்கு ஒரு சோதனை விளக்கு போதிய வைத்தியர். காரில் பயன்படும் 12 வோல்ட்டு, 5 வாட்டு சிறு பல்பு ஒன்றும் இரு கம்பிகளும் இருந்தால் எவரும் செய்துகொள்ளலாம். ஒரு கம்பியை இயந்திரத்தின் இரும்பில் இணைத்து, மற்றொன்றைக் காயிலிலிருந்து டிஸ்டிரிபியூட்டருக்குக் கம்பி செல்லும் முனையில், அதாவது கழித்தல் குறியிட்ட முனையில் வையுங்கள். சாவி திருகி இயந்திரம் சுழலும்போது விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்தால், பாயிண்டு மின்சாரத்தை விட்டும் அறுத்தும் வருகிறது. அவ்வாறிருந்தும் பொறி இல்லையெனில் ஐயத்திற்குரியவை கண்டென்சர், காயில், தடித்த கம்பி ஆகிய மூன்று மட்டுமே.

விளக்கு மினுக்காமல் நிலையாக எரிந்துகொண்டே இருந்தால், பாயிண்டு மூடவில்லை, அல்லது மூடியும் அழுக்கினால் மின்சாரம் செல்லவில்லை, அல்லது முன்னர்க் கூறிய அந்த உட்கம்பி அறுந்திருக்கிறது. விளக்கு எரியவே இல்லையா? அப்படியானால் அதனைக் காயிலின் கூட்டல் முனைக்கு மாற்றுங்கள். அங்கும் எரியாவிட்டால் சாவியிலிருந்து காயிலுக்கு மின்சாரமே வரவில்லை. சாவிப் பூட்டு, பியூஸ், இணைப்புகள் ஆகியவற்றைத் தேட வேண்டும். கூட்டல் முனையில் எரிந்து கழித்தல் முனையில் எரியாவிட்டால், டிஸ்டிரிபியூட்டருக்குச் செல்லும் சிறு கம்பியைக் கழித்தல் முனையிலிருந்து கழற்றிவிட்டு மீண்டும் அங்கே சோதியுங்கள். இப்போது விளக்கு எரிந்தால் பழுது டிஸ்டிரிபியூட்டருக்குள்ளே: பாயிண்டு திறக்காமல் இருக்கலாம், கம்பி எங்கோ உரசி இரும்பைத் தொடலாம், கண்டென்சர் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்போதும் எரியாவிட்டால் காயிலின் சுற்று அறுந்துவிட்டது. இவ்வளவையும் செய்ய அரைமணி நேரம் போதும். ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.

இன்னொரு குறியும் உண்டு. சாவியைத் திருகிப் பிடித்திருக்கும்வரை இயந்திரம் பற்றி ஓடுகிறது; கையை விட்டவுடன் அணைந்துவிடுகிறது. இதனைக் கண்டு கார்புரேட்டரைக் கழற்றுவோர் உண்டு. டாட்சன் 120ஒய் போன்ற வண்டிகளில் காயிலுக்கு முன்னால் வெண்ணிறப் பீங்கான் உடலுடன் ஒரு மின்தடை இருக்கும். கிளம்பும் வேளையில் மின்சாரம் அதனைத் தவிர்த்து நேரே காயிலுக்குச் செல்கிறது. சாவி திரும்பிய பின் தடை வழியாக வருகிறது. தடை அறுந்திருந்தால் நாம் கூறிய குறிதான் தோன்றும். அத்தடையை ஒரு கம்பியால் இணைத்துவிட்டு ஓட்டும் தற்காலிக வைத்தியம் வீடு போய்ச் சேர உதவலாம். அவ்வாறே நாள்தோறும் ஓட்டினால் காயிலும் பாயிண்டும் எரிந்துபோகும்.

பாயிண்டைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறலாம். பழைய கார்களின் எரியூட்டுக் கோளாறுகளுக்கு நடுவம் அதுவே. அதன் முகங்கள் சாம்பல் நிறமாக இருந்தால் நலம். ஒரு முகத்தில் குழியும் மறு முகத்தில் மேடும் தோன்றியிருந்தாலோ, நீலம் பாய்ந்து கருகியிருந்தாலோ, கண்டென்சரின்மேல் ஐயம் கொள்ள வேண்டும். அவசரத்திற்கு மெல்லிய அரத்தால் ஓரிரு இழுப்பு இழுத்து, சுத்தமான அட்டைத் துண்டால் துடைத்துவிடலாம். உப்புத்தாள் கூடாது, அதன் மணல் துகள்கள் முகத்தில் பதிந்து மேலும் தொல்லை தரும்.

அடுத்து இடைவெளி. தண்டின் மேடு பாயிண்டின் குதிகாலை முழுமையாகத் தள்ளியிருக்கும் நிலையில் இதனை அளக்க வேண்டும். டாட்சன் 120ஒய்க்கு 0.45 முதல் 0.55 மி.மீ. வரை, பீட்டிலுக்கு ஏறத்தாழ 0.4 மி.மீ. இடைவெளி குறைந்தால் பாயிண்டு கருகும், கிளம்புவது கடினமாகும். கூடினால் காயிலில் காந்தம் நிறைய நேரமிராது. வேகமாக ஓடும்போது இயந்திரம் தடுமாறும். பால்மரத்தில் கத்தி ஆழமாகப் போனால் மரம் புண்படும், மேலாகப் போனால் பால் வடியாது என்பதை அறிந்த கைகளுக்கு, இந்த நுட்பம் விளங்காமல் போகாது. கண்மதிப்பை நம்பாமல் அளவுத் தகடு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது உதிரிப்பாகக் கடைகளில் மலிவாகவே கிடைக்கும். பாயிண்டின் குதிகால் உரசும் இடத்தில் சிறு துளி கிரீஸ் தேவை. அன்பு மிகுதியால் அள்ளிப் பூசினால் அது உருகிப் பாயிண்டின் முகத்தில் தெறித்து, புதிய பழுதை உண்டாக்கும்.

காயில் கெடுவதற்கும் ஒரு தனிக்குணம் உண்டு. காலையில் நன்றாகக் கிளம்பும். பட்டணம் போய்த் திரும்பும் வழியில் சூடேறியதும் நின்றுவிடும். அரைமணி நேரம் நிழலில் நின்றால் ஒன்றும் அறியாதது போல மீண்டும் கிளம்பும். கண்டென்சரும் சில வேளை இவ்வாறே நடந்துகொள்ளும். கண்டென்சர் விலை குறைந்த பொருளாதலால், முதலில் அதனை மாற்றிப் பார்ப்பதே சிக்கனம். சாவியை ஓட்ட நிலையில் விட்டுவிட்டு, இயந்திரம் ஓடாமல் நெடுநேரம் வானொலி கேட்டுக்கொண்டிருப்பது காயிலைச் சூடாக்கிக் கெடுக்கும் வழிகளுள் ஒன்று.

பிளக்குகளைக் கழற்றும்போது கம்பியைப் பிடித்து இழுக்காமல் அதன் தலையுறையைப் பிடித்து இழுக்க வேண்டும். பல கம்பிகளின் உள்ளே இருப்பது செம்பன்று, கரியேற்றிய நூலிழை. இழுத்தால் உள்ளே அறுந்துவிடும். இள மண்ணிறம் நல்ல பிளக்கின் அடையாளம். கரிப்பொடி மூடியிருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் இயந்திரமே தேய்ந்து வருகிறது. பெட்ரோலில் நனைந்திருந்தால், பொறி இல்லை அல்லது சோக்கை அளவுக்கு மீறி இழுத்திருக்கிறீர்கள். நனைந்த பிளக்கை அடுப்பில் வாட்டும் பழக்கம் சில வீடுகளில் இருந்தது. பெட்ரோல் தோய்ந்த பொருளை நெருப்பருகே கொண்டுபோகாமல் வெயிலில் காயவைப்பதே அறிவுடைமை.

கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டுங்கள். நான்கையும் ஒருசேர உருவிவிட்டுத் திகைப்போர் பலர். பொறி பாயும் வரிசை எல்லா வண்டிக்கும் ஒன்றன்று. டாட்சன் 120ஒய்க்கு 1-3-4-2. கே வகை இயந்திரம் கொண்ட டொயோட்டா கொரோலாவுக்கு 1-2-4-3. பீட்டிலுக்கு 1-4-3-2. அண்டை வீட்டுக் காரைப் பார்த்து மாட்டினால் இயந்திரம் இருமி வெடிக்குமேயன்றி ஓடாது. சுண்ணாம்புக் கட்டியால் அடையாளமிடுவது எளிய பாதுகாப்பு.

தள்ளிக் கிளப்புவதைப் பற்றியும் கேள்விகள் எழும். பேட்டரி சற்று நலிந்திருந்தால், ஸ்டார்ட்டர் கெட்டிருந்தால், தள்ளுவது உதவும். பொறியே இல்லாத வண்டியைத் தோட்டம் முழுவதும் சுற்றித் தள்ளினாலும் கிளம்பாது. தள்ளுவோரின் மூச்சுதான் முட்டும். சரிவில் உருட்டும்போது இயந்திரம் ஓடாத நிலையில், பிரேக்கிற்கு விசைத்துணை உள்ள வண்டிகளில் அத்துணை இராது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலியோ பிரசவ வலியோ கண்டிருக்கும் வேளையில் இச்சோதனைகள் எதுவும் வேண்டா. இரு முறை திருகியும் கிளம்பாத காரை அப்படியே விட்டு, 999-ஐ அழையுங்கள். அண்டை வீட்டாரின் வண்டியையும் ஏற்பாடு செய்யுங்கள். போனட்டை விடிந்த பின் திறக்கலாம்.

பாயிண்டின் தொல்லையே வேண்டாம் என்போர், அதனை நீக்கிவிட்டு டிஸ்டிரிபியூட்டருக்குள்ளேயே பொருத்தக்கூடிய மின்னணுக் கருவியை நாடலாம். பல பழைய வண்டிகளுக்கு அது கிடைக்கிறது. காயிலும் மின்தடையும் அதற்குப் பொருந்துமா என்பதை விற்பவரிடம் கேட்டறிந்த பின்னரே வாங்க வேண்டும். கழற்றிய பாயிண்டையும் கண்டென்சரையும் எறிந்துவிடாதீர்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய இணை ஒன்று, உலர்ந்த துணி, சோதனை விளக்கு, அளவுத் தகடு, ஒரு திருப்புளி ஆகியவை காரின் பின்பெட்டியில் என்றும் இருக்கட்டும். பாயிண்டே புதிதாகப் போட்டவர்கள், சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் இடைவெளியை மீண்டும் ஒருமுறை அளந்துவிடுங்கள். புதிய குதிகால் தேய்ந்து படியும்போது இடைவெளி குறுகுவது வழக்கம்.